துறவிக்குத் தெருவில் என்ன வேலை? பர்மா, 2007

18 செப்டம்பர் 2024, இரவு 9.40

"உலகைத் துறந்தவனுக்குப் பெட்ரோல் விலை ஏறினால் என்ன, இறங்கினால் என்ன?"

2007-இல் பர்மாவில் (இன்றைய மியான்மர்) ராணுவ ஆட்சியை எதிர்த்துப் பௌத்தத் துறவிகளான பிக்குகள் தெருவில் இறங்கியதைப் பற்றிப் பேச்சு வந்தபோது ஒருவர் இப்படிக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். துறவு என்றால் ஒதுங்கியிருக்க வேண்டும், ஊர்வலம் போனால் அது அரசியல்தான், மதத்தின் பெயரால் நடக்கும் அரசியல் எல்லாமே ஒரே குட்டையில் ஊறியதுதான் என்பது அவர் கட்சி.

பதில் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. என் அம்மா பிறந்தது ரங்கூனில். தளபதி நே வினின் ராணுவ அரசு 1964-இல் கடைகளை நாட்டுடைமை ஆக்கியபோது தாத்தாவின் அரிசிக் கடை கைவிட்டுப் போயிற்று. மறு ஆண்டு தாத்தா, பாட்டி, அம்மா, இரண்டு மாமாக்கள் எல்லோரும் கப்பலேறிச் சென்னைக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த நாட்டைப் பற்றி எங்கள் வீட்டில் கோபமாகப் பேசாத நாள் கிடையாது. ஆனால் பிக்குகளைப் பற்றி மட்டும் யாரும் ஒரு கடுஞ்சொல் சொல்லி நான் கேட்டதில்லை. மற்ற எல்லாவற்றையும் திட்டுகிறவர்கள் இவர்களை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள் என்று சிறு வயதிலேயே எனக்குள் ஒரு கேள்வி இருந்தது.

கேட்டவருக்குச் சுருக்கமான பதில்: விலைவாசி ஏறினால் முதலில் தெரியவருவது துறவிக்குத்தான். விரிவாக நாளை எழுதுகிறேன்.

19 செப்டம்பர், காலை 6.15

விட்ட இடத்திலிருந்து.

2007 ஆகஸ்ட் 15. முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் எரிபொருள் மானியத்தை அரசு நீக்கியது. டீசல் விலை இரண்டு மடங்கானது. பஸ்களுக்குப் போடும் எரிவாயுவின் விலை ஐந்து மடங்கானது. அன்றைக்கு வேலைக்குக் கிளம்பியவர்கள் பஸ் நிறுத்தத்தில்தான் செய்தியைத் தெரிந்துகொண்டார்கள். கையிலிருந்த சில்லறை பாதி வழிக்குத்தான் காணும். பலர் நடந்தார்கள். நான்கு நாள் கழித்து மின் கோ நைங், கோ கோ ஜீ முதலிய பழைய மாணவர் தலைவர்கள், 1988 எழுச்சியில் சிறை கண்டவர்கள், "நாங்களும் நடக்கிறோம்" என்பதுபோல ஊர்வலமாக நடந்தார்கள். இரண்டே நாளில் அவர்களைப் பிடித்து உள்ளே போட்டாயிற்று.

இதில் பிக்கு எங்கே வருகிறார்? அவர் சமைக்கக் கூடாது, உணவைச் சேர்த்து வைக்கக் கூடாது, உச்சிப்பொழுதுக்குப் பிறகு உண்ணக் கூடாது. ஆகவே தினமும் விடியற்காலையில் வெறுங்காலோடு வீடு வீடாகப் போய் நிற்க வேண்டும். "போடுங்கள்" என்று கேட்கவும் கூடாது. வாய் திறவாமல் நிற்பார், உள்ளேயிருந்து அரிசிச் சோறு வரும். நேற்று நிறைந்து வந்த அகப்பை இன்று குறைந்து வந்தால் அவருக்குத் தெரியும். எந்த வீட்டில் கறி நின்றுபோனது, எந்த வீட்டுக் கதவு முதன்முறையாகத் திறக்காமல் இருந்தது, எந்த வீட்டு அம்மாள் போட ஒன்றுமில்லாமல் கைகூப்பி மட்டும் நின்றார் என்பதெல்லாம் தெரியும். ஒரு தெருவின் அடுப்பங்கரைக் கணக்கு முழுவதும் அவர் கையிலிருக்கும் பாத்திரத்தில் இருக்கிறது. அந்த மனிதரைப் பார்த்து உங்களுக்கு உலக விவகாரம் எதற்கு என்று கேட்டால் என்ன பொருள்?

ரங்கூனில் எங்கள் பாட்டியும் போட்டிருக்கிறார். நெற்றி நிறைய விபூதி பூசிய சைவக் குடும்பம்தான். ஆனாலும் சோறு வடித்ததும் முதல் அகப்பை வாசலில் நிற்கும் பிக்குவுக்கு. சென்னைக்கு வந்த பிறகு அந்த முதல் அகப்பை காக்கைக்குப் போயிற்று.

19 செப்டம்பர், பிற்பகல் 1.30

இன்றைய தேதியைப் பார்த்ததும் நினைவுக்கு வந்தது. பிக்கு ஊ விசாரா இறந்த நாள் இது. ஆங்கிலேயர் சிறையில், பிக்குகள் உடுத்தும் துவராடையை அணியும் உரிமையைக் கேட்டு 166 நாள் உண்ணாவிரதம் இருந்து 1929 செப்டம்பர் 19-இல் உயிர்விட்டவர். யாங்கோனில் (ரங்கூனின் இன்றைய பெயர்) ஷ்வேடகோன் பகோடாவுக்குப் பக்கத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது, ஒரு பெரிய சாலைக்கு அவர் பெயர் இருக்கிறது. துறவி தெருவில் இறங்குவது அங்கே 2007-இல் புதிதாக முளைத்த வழக்கம் அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

20 செப்டம்பர், இரவு 11

பக்கோக்குவைப் பற்றிச் சொல்லாமல் எதுவும் விளங்காது.

ஐராவதி ஆற்றங்கரையில் உள்ள ஊர். நம் ஊரில் வேதபாடசாலைக்குச் சில ஊர்கள் பேர்போனதுபோல, பாலி மொழியில் உள்ள பௌத்த நூல்களைப் படிக்கப் பிக்குகள் போகும் ஊர். 2007 செப்டம்பர் 5-இல் நூற்றுக்கணக்கான பிக்குகள் விலையேற்றத்தைக் கண்டித்து நடந்தார்கள். ராணுவம் வானத்தை நோக்கிச் சுட்டது. கும்பலை விட்டு அடித்தது. பிக்குகளைக் கம்பத்தில் கட்டிவைத்து அடித்தார்கள் என்ற செய்தி நாடெங்கும் பரவியது. மறுநாள் சமாதானம் பேச மடத்துக்கு வந்த அதிகாரிகளைப் பிக்குகள் வெளியே விடவில்லை. அவர்கள் வந்த வண்டிகளுக்குத் தீ வைத்தார்கள். ஆம், பிக்குகள்தான் வைத்தார்கள். இதை மறைத்துவிட்டுப் பேச நான் விரும்பவில்லை. அன்றைக்குக் கோபம் அவர்களையும் மீறிவிட்டது.

பிறகு அவர்கள் தணிந்து, அனைத்துப் பர்மா பிக்குகள் கூட்டணி என்ற பெயரில் ஓர் அறிக்கை வைத்தார்கள். அரசு பிக்குகளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், விலையைக் குறைக்க வேண்டும், அரசியல் கைதிகளை விட வேண்டும், எதிர்க்கட்சியோடு பேச வேண்டும். கெடு செப்டம்பர் 17.

இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் நிற்பது மன்னிப்பு. ஆட்சியை விட்டு இறங்கு என்பது அதில் இல்லை. கெடு முடிந்தது, மன்னிப்பு வரவில்லை. 18-ஆம் தேதி பாத்திரத்தைக் கவிழ்த்தார்கள். தளபதிகள் 1988-இல் ஆட்சியைப் பிடித்ததும் ஒரு செப்டம்பர் 18-இல்தான்.

21 செப்டம்பர், காலை 7

"பாத்திரத்தைக் கவிழ்ப்பது என்றால் பட்டினிப் போராட்டமா?" என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

நமக்குப் பிச்சை என்றதும் போடுகிறவன் உயர்ந்தவன், வாங்குகிறவன் தாழ்ந்தவன் என்று தோன்றிவிடுகிறது. "ஏற்பது இகழ்ச்சி" என்று பள்ளியில் படித்து வளர்ந்தவர்கள் நாம். அமுதசுரபி என்றாலும் நமக்கு நினைவுக்கு வருவது அள்ளி அள்ளி வழங்கும் பாத்திரம். அங்கே நினைப்பே வேறு. பாத்திரம் ஏற்பதற்கு இருக்கிறது, அது ஏற்பதால்தான் போடுகிறவருக்குப் புண்ணியம் கிடைக்கிறது. நல்ல பிறவிக்கும், இறந்த தாய் தந்தையருக்கும், செய்த பிழைகளுக்கு ஈடாகவும் அந்தப் புண்ணியம் வேண்டும். வாங்குகிறவர் இல்லாவிட்டால் கொடுக்கிறவர் கதி என்ன?

ஆகவே "உன் கையிலிருந்து நான் வாங்க மாட்டேன்" என்று பிக்கு சொன்னால் அது பெரிய தண்டனை. புத்தர் காலத்துக் கதை ஒன்று, பிக்குகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநய நூலில் இருக்கிறது. வட்டன் என்ற லிச்சவி குலத்தவன், தீய பிக்குகள் சிலரின் பேச்சைக் கேட்டு, தப்பர் என்ற நல்ல பிக்குவின் மேல் தன் மனைவியைத் தொட்டதாக அபாண்டம் சொன்னான். விசாரித்த புத்தர், அவன் வீட்டில் சங்கம் பிச்சை ஏற்கக் கூடாது என்று விதித்தார். செய்தியை ஆனந்தர் போய்ச் சொன்னதும் வட்டன் அந்த இடத்திலேயே மயங்கி விழுந்தான். பிறகு ஈரத் துணியும் ஈரத் தலையுமாக ஓடிவந்து காலில் விழுந்து உண்மையைச் சொன்னான். பாத்திரத்தை நிமிர்த்தினார்கள்.

பத்தநிக்குஜ்ஜன கம்மம் என்று இதற்குப் பாலியில் பெயர். நினைத்தவர் நினைத்த நேரத்தில் செய்ய முடியாது. பிக்குகளுக்குக் கேடு சூழ்வது, அவர்கள் வாழ்க்கைக்கு இடையூறு செய்வது, அவர்களை ஏசுவது, பிரிப்பது, புத்தரையும் தம்மத்தையும் சங்கத்தையும் இழித்துப் பேசுவது என்று எட்டுக் காரணங்கள் வகுத்திருக்கிறார்கள். சங்கம் கூடி முடிவு செய்ய வேண்டும். முக்கியமானது கதையின் முடிவு. தவறு செய்தவன் வந்து மன்னிப்புக் கேட்டால் மீண்டும் வாங்கியே ஆக வேண்டும். ஒருவனைத் தள்ளி வைப்பதே அவன் திரும்பி வருவதற்காகத்தான்.

பர்மிய மொழியில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கும் மாணவர் புறக்கணிப்புக்கும் இன்றைக்கும் வழங்கும் சொல் தபெய்க் ஹ்மௌக். தபெய்க் என்றால் பிச்சைப் பாத்திரம், ஹ்மௌக் என்றால் கவிழ்ப்பது. தொழிற்சாலை வாசலில் கொடி பிடித்து நிற்கிறவரும் பாத்திரத்தைத்தான் கவிழ்க்கிறார்.

21 செப்டம்பர், காலை 7.40

ஒரு திருத்தம். மேலே எழுதியதைப் படித்தால் 2007-இல்தான் முதன்முதலாகக் கவிழ்த்ததுபோலத் தோன்றுகிறது. அப்படியல்ல. 1990-இலும் நடந்தது. அந்த ஆண்டு மே மாதத் தேர்தலில் ஆங் சான் சூ கீயின் கட்சி 485 இடங்களில் 392-ஐ வென்றும் தளபதிகள் ஆட்சியை ஒப்படைக்கவில்லை. ஆகஸ்ட் 8-இல் மாண்டலே தெருக்களில் பிக்குகள் நடந்தபோது சுட்டார்கள். மாண்டலே பிக்குகள் ராணுவத்தார் குடும்பங்களிடம் எதையும் ஏற்க மறுத்தார்கள். திருமணத்துக்கும் சாவுக்கும் ஓதப் போகவில்லை. அக்டோபரில் மடங்களுக்குள் புகுந்து, ஆடையைக் களைந்து, நூற்றுக்கணக்கானவர்களைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள்.

22 செப்டம்பர், இரவு 8.20

"சென்னையில் அத்தோ எங்கே நன்றாக இருக்கும்" என்று, பர்மாவிலிருந்து வந்த அந்த நூடுல்ஸைப் பற்றி ஒருவர் இடையில் கேட்டிருக்கிறார். கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிர்ப்புறம் போய்ப் பாருங்கள். அங்கே வாழைத்தண்டு சூப் என்று ஊற்றிக் கொடுப்பார்களே, அது அங்கத்திய மொய்ங்காவின் பிள்ளை. மீன் குழம்பில் வாழைத்தண்டு போட்டுச் சேமியா மேல் ஊற்றி, பர்மாவில் காலை உணவாகச் சாப்பிடுவார்கள். மீண்டும் விஷயத்துக்கு வருகிறேன்.

இன்று செப்டம்பர் 22. 2007-இல் இதே நாளில் மழையில் நனைந்துகொண்டு பிக்குகள் வரிசையாக யூனிவர்சிட்டி அவென்யூவில் சூ கீயின் வீட்டு வாசலுக்குப் போனார்கள். வீட்டுக்காவலில் இருந்தவர் கதவைத் திறந்துகொண்டு வந்து கைகூப்பி நின்றார். அழுதார். பிக்குகள் கோஷம் எதுவும் போடவில்லை, அன்பைப் போதிக்கும் மெத்த சுத்தம் என்ற பாலிச் சூத்திரத்தை ஓதினார்கள். எல்லா உயிர்களும் நலமாக இருக்கட்டும், அஞ்சுவதும் அஞ்சாததும், நெடியதும் குறியதும், கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததும் இன்புற்றிருக்கட்டும் என்ற ஓதல் அது. அந்த "எல்லா உயிர்களும்" என்பதில் தளபதிகளும் அடக்கம்.

26 செப்டம்பர், இரவு 10.05

நிறத்தைப் பற்றி ஒருவர் சரியாகப் பிடித்திருக்கிறார். காவிப் புரட்சி என்று நம் பத்திரிகைகள் எழுதின, வெளிநாட்டுப் பத்திரிகைகள் வைத்த பெயரைப் பின்பற்றி. பர்மியர் அதைப் பொன்மஞ்சள் நிறத்தின் பெயரால் சொல்கிறார்கள். ஆனால் அங்கே பெரும்பாலான பிக்குகள் உடுத்துவது காவியும் அல்ல, மஞ்சளும் அல்ல, கருஞ்சிவப்பு. நம்மிடம் இதற்கு ஏற்கெனவே சொல் இருக்கிறது. துவராடை. துவர் என்பது சிவப்புக்கும் பவழத்துக்கும் பெயர். நம் முன்னோர் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

இன்றைய தேதியில்தான் அடி தொடங்கியது. 24-ஆம் தேதி யாங்கோனில் ஒரு லட்சம் பேர் வரை நடந்தார்கள். 25-இல் ஊரடங்கு. 26-இல் ஷ்வேடகோன் வாசலில் தடியடி, கண்ணீர்ப்புகை. 27 விடிவதற்குள் ங்வே ச்யார் யான் மடத்துக்குள் ராணுவம் புகுந்தது. அன்று பகலில் சூலே பகோடா அருகில் ஜப்பானியப் படப்பிடிப்பாளர் கென்ஜி நகாயைச் சுட்டார்கள். விழுந்த பிறகும் கேமராவை உயர்த்திப் பிடித்த அந்தப் படம் பலருக்கு நினைவிருக்கும். அம்மா பிறந்த தெருவிலிருந்து அந்த இடம் நடக்கும் தூரம். அந்தக் கேமரா பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 2023 ஏப்ரலில்தான் பாங்காக்கில் அவருடைய சகோதரியின் கைக்கு வந்தது.

ஐ.நா.வின் மனித உரிமைப் பிரதிநிதி பினெய்ரோ குறைந்தது 31 பேர் இறந்ததாகச் சொன்னார். கைதானவர்கள் ஆயிரக்கணக்கில். பிக்குகள் கூட்டணியை நடத்தியவர்களில் ஒருவரான ஊ கம்பீராவுக்கு 68 ஆண்டுச் சிறை. 2012 ஜனவரியில் விட்டார்கள். வெளியே வந்தவரைச் சேர்த்துக்கொள்ள மடங்கள் அஞ்சின. அவர் துவராடையைக் களைய வேண்டியதாயிற்று. சுட்டவர்களை மன்னிக்கலாம் என்று கூட ஒரு வேளை நான் சமாதானம் அடைவேன். இதைப் படிக்கும்போது நெஞ்சு அடைக்கிறது.

29 செப்டம்பர், மாலை 5

"பாத்திரத்தைக் கவிழ்த்ததால் தளபதி ஒருவனாவது மயங்கி விழுந்தானா?" கேட்டவருக்குக் கோபம், எனக்கும் அதே கோபம் உண்டு.

விழவில்லை. ஆனால் அவர்கள் அலட்சியமாக இருந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. அந்த ஆட்சி இரவுதோறும் தொலைக்காட்சியில் காட்டியது என்ன? தளபதி முழந்தாளிட்டு சயாடோவுக்கு, அதாவது மூத்த பிக்குவுக்கு, துவராடை கொடுக்கிறார், தளபதியின் மனைவி பழத்தட்டு நீட்டுகிறார். 1999-இல் ஷ்வேடகோனின் உச்சிக் குடையைப் புதிதாக மாற்றினார்கள். காட்டுக்குள் நேப்பிடா என்று தலைநகர் கட்டியபோது, ஷ்வேடகோனின் வடிவத்திலேயே அங்கும் ஒரு பகோடா எழுப்பினார்கள். முன்பு அரசர் செய்தது, இப்போது நாங்கள் செய்கிறோம் என்று காட்டினால்தான் துப்பாக்கிக்கு மேல் ஒரு உரிமை கிடைக்கும். வாங்க மாட்டோம் என்று பிக்குகள் சொன்னது அந்த உரிமையின் வேரில்தான் விழுந்தது. அடிக்கத் தொடங்க ஒரு வாரம் ஏன் தயங்கினார்கள்? மாணவர்களை இரண்டு நாளில் பிடித்தவர்கள் ஆயிற்றே.

மறு ஆண்டு மே மாதம் நர்கீஸ் புயல் வந்தபோது, முதலில் கஞ்சி ஊற்றியதும் கூரை கொடுத்ததும் மடங்கள்தான். வெளிநாட்டு உதவியை வாசலில் நிறுத்திவிட்டுத் தளபதிகள் அரசியல் சட்ட வாக்கெடுப்பு நடத்திக்கொண்டிருந்தார்கள்.

3 அக்டோபர், இரவு 9.15

நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். இத்தனை நாள் எழுதாமல் வைத்திருந்தேன்.

2013 டிசம்பரில் யாங்கோன் போனேன். அம்மாவின் சித்தப்பா மகன் அங்கேயே தங்கிவிட்டவர், எனக்கு மாமா முறை. லுங்கிதான் உடை, நெற்றியில் விபூதி, வாயில் பர்மியம் கலந்த பழைய தஞ்சாவூர்த் தமிழ். அதிகாலை ஐந்தரைக்கு என்னைத் தெருமுனைக்கு அழைத்துப் போனார். பிக்குகள் வரிசையாக வந்தார்கள். கடைசியில் எட்டு வயது இருக்கும் ஒரு சாமணேரர் (இளந்துறவி), பாத்திரம் அவன் வயிற்றை விடப் பெரிது. எதிர்வீட்டு அம்மாள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். சோற்றுக் கிண்ணத்தை நெற்றிக்கு உயர்த்தினார். ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒவ்வொரு கரண்டி. யாரும் நன்றி சொல்லவில்லை, நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. போன பிறகு குனிந்து வணங்கியது போட்டவர்தான்.

பிறகு மாமாவுக்குப் பழக்கமான ஒரு பிக்குவைப் போய்ப் பார்த்தோம். 2007-இல் நடந்தவர். பாத்திரத்தைக் கவிழ்ப்பது எப்படி என்று நான் கேட்க, மாமா பர்மியத்தில் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே தன் கறுப்புப் பாத்திரத்தை எடுத்தார். அரக்குப் பூச்சில் சன்னல் வெளிச்சம் தெரிந்தது. மூடியைக் கழற்றி வைத்தார். கையில் பிடித்தபடியே மெல்லச் சாய்த்து, வாய் கீழ்நோக்கும்படி திருப்பினார். ஒரு விநாடி இருக்கும்.

பக்கத்தில் எங்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த மூதாட்டி கெண்டியைத் தரையில் வைத்துவிட்டார். இரண்டு கைகளையும் கூப்பி ஏதோ சொன்னார். குரல் நடுங்கியது. மாமா மொழிபெயர்க்கவில்லை. பிக்கு உடனே பாத்திரத்தை நிமிர்த்தி, மூடியைப் போட்டு, அந்த அம்மாவிடம் மெதுவாகப் பேசித் தேற்றினார். வெளியே வந்த பிறகுதான் மாமா சொன்னார். "விளையாட்டுக்கும் வேண்டாம் சாமி, எங்கள் வீட்டுச் சோறு என்ன பாவம் செய்தது" என்றாராம்.

எத்தனை நூல் படித்திருந்தாலும் இந்த விஷயம் எனக்கு அந்தக் கெண்டி தரையில் பட்ட சத்தத்தில்தான் விளங்கியது.

2007-இல் மாமாவும் போயிருக்கிறார். முதல் சில நாட்கள் பிக்குகள், "எங்களோடு சேராதீர்கள், உங்களைச் சுடுவார்கள்" என்று மக்களைத் தடுத்தார்களாம். மக்கள் கேட்கவில்லை. பிக்குகள் நடுவில் போக, இரண்டு பக்கமும் கைகோத்துச் சங்கிலியாக நடந்தார்கள். மாமாவின் இடக்கையைப் பிடித்திருந்தவர் ஒரு முஸ்லிம் தையற்காரர்.

4 அக்டோபர், காலை 6.50

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். சாரம் இதுதான்: துவராடையைக் கண்டால் உங்களுக்கு மரியாதை வருகிறது, எங்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது. இலங்கைப் பிரதமர் பண்டாரநாயக்கா தமிழர் தலைவர் செல்வநாயகத்தோடு செய்த பண்டா செல்வா ஒப்பந்தத்தை 1958 ஏப்ரலில் பிரதமர் வீட்டு வாசலில் உட்கார்ந்து கிழிக்க வைத்ததும் பிக்குகள்தானே. அதுவும் அறவழிப் போராட்டம்தானே.

உண்மை. எனக்கு மறுசொல் இல்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

7 அக்டோபர், இரவு 11.30

யோசித்தேன். முதல் நாள் கேட்டவருக்கு நான் சொன்ன பதில் பாதிதான்.

மீதி இது. 2012 செப்டம்பரில், காவிப் புரட்சி என்று உலகம் கொண்டாடிய அந்த மாதத்துக்குச் சரியாக ஐந்து ஆண்டு கழித்து, மாண்டலேயில் பிக்குகள் மீண்டும் ஊர்வலம் போனார்கள். ரோஹிங்கியா முஸ்லிம்களை நாட்டை விட்டு அனுப்ப வேண்டும் என்று சொன்ன அதிபர் தெய்ன் செய்னை ஆதரித்து. முன்னால் நின்றவர், முஸ்லிம் எதிர்ப்புப் பேச்சுக்குப் பேர்போன பிக்கு விராது. 2007-இல் அவர் சிறையில் இருந்தார், ஆகவே அந்த ஊர்வலத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. ஆனால் 2007-இல் நடந்தவர்கள் சிலர் பிற்பாடு இவர்களோடு சேர்ந்தார்கள். 2013-இல் மபாதா என்ற பிக்குகளின் தேசியவாத அமைப்பு வந்தது. 2015-இல் இனத்தையும் மதத்தையும் காப்பதாகச் சொல்லி நான்கு சட்டங்கள் வந்தன. 2017-இல் ஏழு லட்சம் ரோஹிங்கியாக்கள் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். மழையில் கைகூப்பி அழுத அதே சூ கீ 2019 டிசம்பரில் தி ஹேக் நகரத்து நீதிமன்றத்தில் அதே ராணுவத்துக்காக வாதாடினார்.

நான் 2013 டிசம்பரில் யாங்கோனில் இருந்தேன் என்று எழுதினேன் அல்லவா? மெய்க்திலாவில் முஸ்லிம்களைக் கொன்ற கலவரம் அதே ஆண்டு மார்ச்சில் நடந்தது. நான் அந்தப் பிக்குவிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்று பயம். பாத்திரத்தைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினேன். மாமாவின் கையைப் பிடித்து நடந்த தையற்காரர் பிறகு என்ன ஆனார் என்றுகூட அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை. நேற்று மாமாவுக்குத் தொலைபேசினேன். தையற்காரர் கடையை மூடிவிட்டு மகளோடு மலேசியா போய்விட்டாராம்.

ஆகவே எல்லாம் ஒன்று என்று முதல் நாள் கேட்டவர் சொன்னது சரியா? இல்லை என்றுதான் இப்போதும் சொல்வேன். 2007-இல் கவிழ்ந்த பாத்திரம் துப்பாக்கி வைத்திருந்தவனை நோக்கிக் கவிழ்ந்தது. அவன் திரும்பி வரக் கதவும் திறந்திருந்தது. 1958-இலும் 2012-இலும் யாருடைய கதவு திறந்திருந்தது? அந்த ஊர்வலங்களில் பாத்திரமே இல்லை, ஆடை மட்டும்தான் இருந்தது. விநயத்தின் எட்டுக் காரணங்களில் இன்னொரு மதத்தில் பிறந்ததும் இன்னொரு மொழி பேசுவதும் கிடையாது.

மெய்க்திலாவிலேயே சயாடோ ஊ விதுத்தா தம் மடத்தைத் திறந்துவிட்டு நூற்றுக்கணக்கான முஸ்லிம்களை உள்ளே வைத்துக் காத்தார். வாசலுக்கு வந்த கும்பலை உள்ளே விடவில்லை. அவரும் அதே துவராடைதான் உடுத்தியிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர் அவரைப் பற்றிப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன், விவாதத்தில் வெல்வதற்காக அல்ல.

8 அக்டோபர், காலை 7.10

நேற்று எழுதியதில் ஒன்றைத் திரும்பப் பெறுகிறேன். "பாத்திரமே இல்லை, ஆடை மட்டும்தான்" என்பது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அந்தப் பிக்குகளுக்கும் மறுநாள் காலை மக்கள்தான் சோறு போட்டார்கள். மனம் உவந்து போட்டார்கள். அந்த மக்கள் ஏன் கரண்டியை நிறுத்தவில்லை என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

15 அக்டோபர், மாலை 6.30

மன்னிப்பு என்ற நூலைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம்.

2012 நவம்பரில் மொன்யுவா அருகே லெட்படாங் தாமிரச் சுரங்கத்தை எதிர்த்து விவசாயிகளோடு முகாமிட்டிருந்த பிக்குகள் மேல் விடியற்காலையில் போலீஸ் பாஸ்பரஸ் குண்டு வீசியது. பலருக்கு உடம்பெல்லாம் தீக்காயம். சில நாளில் அரசு மூத்த சயாடோக்களிடம் மன்னிப்புக் கேட்டது. பக்கோக்குவில் கேட்டபோது கிடைக்காதது இங்கே கிடைத்தது. சுரங்கம் நிற்கவில்லை.

2021 பிப்ரவரி 1-இல் மீண்டும் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. மாண்டலேயில் பிக்குகள் மீண்டும் நடந்தார்கள். ஆனால் இந்த முறை சங்கம் ஒரே குரலில் பேசவில்லை. சில பெரிய சயாடோக்கள் தளபதியோடு மேடையில் உட்கார்ந்தார்கள். விராதுவுக்கு 2023 ஜனவரியில் பட்டம் கொடுத்தார்கள். அதே ஆண்டு மார்ச்சில் ஷான் மாநிலத்து நன் நெய்ன் கிராமத்து மடத்தில் அடைக்கலம் புகுந்தவர்களோடு மூன்று பிக்குகளும் சுடப்பட்டு இறந்து கிடந்தார்கள். 2024 ஜூனில் பகோ நகரத்து மூத்த சயாடோ ஒருவர் காரில் போகும்போது ராணுவத்தின் துப்பாக்கிக் குண்டில் இறந்தார். முதலில் எதிராளிகள்மேல் பழி போட்டார்கள். காரில் கூட இருந்த பிக்கு உண்மையைச் சொன்னதும் தளபதியே வருத்தம் தெரிவித்துக் கடிதம் அனுப்பினார்.

அது வட்டன் கேட்ட மன்னிப்பு அல்ல. ஈரத் தலையோடு ஓடிவந்தவன் அவன்.

2 நவம்பர், இரவு 8

இந்தக் குறிப்புகளை எல்லாம் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மூன்று இரவு ஆயிற்று. ரோஹிங்கியா பகுதி வந்தபோது, "நம்மையும் அப்படித்தானே அனுப்பினார்கள்" என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். மேலே படி என்றார்.

கடைசியில் ஒரு திருத்தமும் சொன்னார். பாட்டி போட்டது முதல் அகப்பை அல்ல, இரண்டாவது அகப்பை. மேலே இருக்கும் சோறு ஆவியில் குழைந்து இருக்குமாம், அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, அடியில் உதிரியாக இருப்பதைத்தான் பிக்குவுக்குப் போடுவாராம். காக்கைக்கும் அப்படியே.

எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. சித்திரை வெயிலில் எங்கள் மொட்டை மாடித் தரை காலை வைக்க முடியாமல் கொதிக்கும். பாட்டி சோற்றோடு மேலே போகும்போது செருப்பைக் கடைசிப் படியிலேயே விட்டுவிட்டுப் போவார். "பாட்டி, கால் சுடும், போட்டுக்கொண்டு போங்கள்" என்று நான் கீழேயிருந்து கத்தியிருக்கிறேன்.